வராதவனின் ஆள்

ஏலக்காய்த் தோட்டத்தில் நிழல்மரத்தில் ஏறிக் கிளைகளைக் கவாத்துச் செய்யும்போது ஜோமோன் கீழே விழுந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அன்று மதியம் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து அவனுடைய அம்மா நிமிக்குப் போன் பண்ணினாள். ஒரே ஒரு சேதிதான். பிறகு, "நாங்க வந்து சேர்ற வரைக்கும் ரிஞ்சுகிட்ட வாயத் தெறக்காத, தாயி. அவன் ஒத்தையில தாங்கமாட்டான்" என்றாள்.

ரிஞ்சு ஜோமோனின் தம்பி. நிமி அவர்களுக்குப் பெரியப்பா மகள். வண்டன்மேட்டில் மழை விடவில்லை. பக்கத்து லயத்து வீட்டுச் சிஜு பகடைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டான். ஆட வேண்டாம் என்றால் ரிஞ்சு ஏன் என்று கேட்பான். நிமி ஆட்டப் பலகையை விரித்தாள்.

ஆளுக்கொரு வீரனை வைத்துக்கொண்டு பூதங்களோடு சண்டை போடும் ஆட்டம் அது. கதையை நடத்துவதும் தீர்ப்புச் சொல்வதும் நிமி. ஜோமோனின் ஆள் கேடயக்காரன். ஜோமோன் மரத்திலிருந்து விழுந்த பிறகு அவனுக்காகவும் ரிஞ்சுதான் பகடை உருட்டினான்.

நிமி பூதத்துக்காக உருட்டினாள். நெருப்பு கேடயக்காரன் மேல் விழுந்தது. உயிர்ப்புள்ளி மொத்தமும் தீர்ந்துபோனது.

"முடிஞ்சான்," என்றான் சிஜு. "புள்ளி போனா ஆளும் போச்சு. பொதுவிதி."

"ஆட வராதவன் ஆள் சாகமாட்டான். அது நம்ம தனிவிதி," என்றான் ரிஞ்சு. "ரெண்டும் முட்டுனா தனிவிதிதான் நிக்கும். ஆட்டத்தோட விதிப்புத்தகத்துலயே போட்டிருக்கு."

"நீ காய்ச்சல்ல படுத்தப்ப நீயே அழுது வாங்குன விதிதானடா அது. இந்த நெருப்புக்கும் தனிவிதி இருக்கு. யாருக்கும் விலக்கு கிடையாது."

"யாருக்கும்னா எல்லாருக்கும் பொதுதான? நம்மளது வராத ஒருத்தனுக்கு மட்டும். எது தனி? போயி வக்கீலுக்குப் படிச்சிட்டு வா."

சிஜு சிரித்தான். "சரி, அக்கா சொல்லட்டும்."

ரிஞ்சு சொன்னதுதான் சரி. பிழைத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டம் மேலே போகும். நிமி அதைச் சொல்லாமல் பகடைகளை ஒன்றாகக் கூட்டிவைத்தாள்.

"சொல்லுக்கா. அண்ணன் வந்து கேட்டா நான்தான பதில் சொல்லணும்?"

"அந்த விதிய எதுக்குடா வச்சோம்?"

"திரும்பி வர்றப்ப அவனுக்கு ஆள் இருக்கணும்ல."

"அப்ப அது திரும்பி வர்றவனுக்குத்தான்."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

சிஜுவின் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. நிமி கேடயக்காரனைப் பலகையிலிருந்து எடுத்தாள்.

"ஜோமோன் காலையிலயே செத்துட்டான்டா, ரிஞ்சு."