எட்டாம் நம்பருக்கு இரண்டு ஷாட்

பெண்கள் கூடைப்பந்து லீக்கின் இறுதித் தொடரில் மலையூரான பெர்ன்ஹில்லின் அணியும் கோவை அணியும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்திருந்தன. மூன்றாவதில் ஜெயிப்பவருக்கே கோப்பை. ஆனால் பெர்ன்ஹில் பெண்கள் யாரும் கோப்பையைப் பற்றிப் பேசவில்லை.

பெர்ன்ஹில் அரங்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், அவர்கள் அணியின் ஷைனா பந்தோடு கூடைக்கு வலது பக்கமாக எழும்பியபோது கோவைக்காரி ஒருத்தி இடித்தாள். ஷைனா தலைகுப்புற விழுந்தாள். நடுவர் சிவகுரு விசில் அடிக்கவில்லை. எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்று விசாரணையில் சொன்னார். லீக் அதை ஏற்றுக்கொண்டது. ஷைனா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கும் சிவகுருவையே நடுவராகப் போட்டார்கள். கோச் ரோஸ்மேரி எழுதிக் கொடுத்தும் மாற்றவில்லை. அருவங்காட்டில் ஷைனாவோடு ஒரே தெருவில் வளர்ந்த கேப்டன் கெஸியா, ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கும்போது சிவகுருவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மத்தியானமே மூடுபனி ஏறி, அதே அரங்கின் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சிவகுரு எல்லாவற்றுக்கும் விசில் அடித்தார். தோள் உரசினால்கூட அடித்தார். இரண்டு பக்கமும் முணுமுணுத்தார்கள்.

கடைசிச் சில நொடிகள். கோவை ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கெஸியா நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டியபடி நின்றாள். அப்போது கூடைக்குக் கீழே யாரோ பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. உடனே விசில்.

எல்லோரும் அங்கே பார்த்தார்கள். யாரும் விழுந்திருக்கவில்லை.

"ஃபவுல். ரெண்டு ஷாட்," என்றார் சிவகுரு.

"யாருக்குங்க சார்?" என்று கேட்டார் ஸ்கோர் மேஜையிலிருந்தவர்.

"எட்டாம் நம்பருக்கு."

எட்டு ஷைனாவின் நம்பர். அவள் இறந்தபின் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

ரோஸ்மேரி மெல்லக் கெஸியாவிடம் வந்தாள். "விசில் அடிச்சாச்சு. உன்னைத்தான் இடிச்சாங்கன்னு சொல்லு. ரெண்டையும் போட்டுட்டா ஜெயிச்சிரலாம்."

கெஸியா சிவகுருவைப் பார்த்தாள். அவர் கண் கூடையின் கீழேயே இருந்தது.

"என்னை யாரும் தொடலைங்க சார்," என்றாள் கெஸியா.

கூட இருந்த இன்னொரு நடுவர் வந்து, விசில் தவறுதலாக அடிக்கப்பட்டது என்று அறிவித்துவிட்டு, பெர்ன்ஹில் பக்கமே பந்தைக் கொடுத்தார். அவர்கள் அணியின் ஜெபிஷா கடைசி நொடியில் கூடைக்கு எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. கோவை ஜெயித்தது. ரோஸ்மேரி பைகளை எடுத்து வைத்தாள்.

வெளியே, வேனுக்குக் காத்திருந்த கெஸியாவிடம் சிவகுரு வந்தார்.

"அவ விழுந்தாம்மா. அன்னைக்கும் நான் பார்த்தேன். ரெண்டு மனசா இருந்துச்சு, அடிக்காம விட்டுட்டேன். இன்னைக்கும் அதே மாதிரி விழுந்தா. எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுதா?"

அவரைத் திட்டத்தான் கெஸியா இத்தனை நாள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள்.

"நான் பார்க்கலைங்க. சத்தம் கேட்டுச்சு."

"எந்தப் பக்கம்?"

"கூடைக்கு வலது பக்கம்."

அவர் தலையசைத்தார். மறுநாளே, விசாரணையில் சொன்னது பொய் என்று லீக்குக்குத் தானே போய்ச் சொன்னார். அதன்பின் எங்கேயும் நடுவராக நிற்கவில்லை.

கெஸியா அடுத்த சீசனும் ஆடினாள். பெர்ன்ஹில் அரங்கில் மட்டும், கூடைக்கு வலது பக்கமாக அவள் ஏறுவதே இல்லை. எதிரணிகள் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டு, இடது பக்கத்தை மட்டும் அடைத்து நின்றன. அப்படியும் அவள் இடது பக்கமே போனாள்.