சிமெண்டுத் தரை

வேலையிடத்தில் கொத்தனாருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். அவர் கட்டிய சுவரில் ரசமட்டத்தை வைத்தால், அதிலிருக்கும் குமிழி நேராக நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பட்டப்பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஏழைப் பிள்ளைகளுக்காகக் கடல் கடந்த ஒரு சபை நடத்திவந்த பள்ளிக்கூடம் மூன்று அறையிலிருந்து பதினொரு அறையாக வளர்ந்துகொண்டிருந்தது. புது அறை எட்டுக்கும் சுவர் எழுப்பியவர் அவர்தான். அதில் ஒன்றாம் வகுப்பு அறைக்கு மட்டும் ஜன்னலை இரண்டு வரிசைச் செங்கல் தாழ்த்தி வைத்தார்.

"என்னய்யா ரசமட்டம், இது மட்டும் குள்ளமா நிக்குது?" என்றார் மேஸ்திரி.

"உக்காந்திருக்கிற புள்ளைக்கு வெளியே தெரிய வேணாமா?"

எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. அவர் மகளுக்கு அப்போதுதான் ஐந்து முடிந்திருந்தது. விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. இனி பள்ளியிலிருந்து வீட்டைப் பார்க்க வருவார்கள், அப்புறம் பட்டியல் ஒட்டுவார்கள், அவ்வளவுதான். "நீங்க கட்டின ஸ்கூல்ல உங்க பொண்ணுக்கு இடமில்லாமலா?" என்று பள்ளிப் பொறுப்பிலிருந்த பாஸ்டரே முதுகில் தட்டிச் சொல்லியிருந்தார்.

சபையிலிருந்து வந்திருந்த வெளிநாட்டம்மாவும் கூட வருகிறார் என்று தெரிந்ததும் கொத்தனாரின் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அவங்களை இந்த மண்ணுலயா உக்கார வைக்கப் போறீங்க? ஊருக்கெல்லாம் தரை போடுற கை உங்களுது, நம்ம வீட்டுத் தரையைக் கோழி கிளறிக்கிட்டிருக்கு."

சுருக்கென்று தைத்தது. மிஞ்சிப்போன சிமெண்டை மேஸ்திரியிடம் முறையாகக் கேட்டு வாங்கினார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றினார். ஒற்றை அறைதான் வீடு. பொழுது சாய்வதற்குள் தரை போட்டுவிட்டார். முகம் பார்க்கலாம் போல இழைத்து, தண்ணீர் கட்டி, ஒரு வாரம் ஊறவிட்டார். அதுவரை மூன்று பேருக்கும் வாசலில்தான் படுக்கை. "எதுக்குப்பா வெளியே படுக்கிறோம்?" என்று மகள் கேட்டபோது, "பெரியவங்க வர்றாங்கம்மா" என்றார்.

பெரியவர்கள் வந்தார்கள். வெளிநாட்டம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தரையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். கொத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படிவமும் கையுமாக வந்த டீச்சரின் பேனா மட்டும் நடுவில் நின்றது.

"இது எப்பங்க போட்டது?"

"உங்களுக்காகத்தான் டீச்சர்! போன வாரம் போட்டது."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், குனிந்து படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் கோடு போட்டார்.

பட்டியலில் மகள் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, சுண்ணாம்புக் கையோடு பாஸ்டர் அறைக்குப் போனார்.

"மண் தரை வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல இடம், கொத்தனாரே. அதிலேயே இடம் நிரம்பிடுச்சு. நான் போட்ட விதி இல்ல, அங்கேருந்து வந்தது."

"பத்து நாள் முன்னாடி வந்திருந்தா எங்க வீடும் மண்ணுதானே ஐயா?"

"எனக்குத் தெரியாதா? ஆனா அதை எங்க எழுதுறது? இப்ப என்ன இருக்குன்னுதான் ஃபார்ம்ல கேக்குறாங்க." பாஸ்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அடுத்த வருஷமும் சேர்க்கலாம், வயசு இருக்கு. மறுபடியும் வீடு பார்க்க வருவாங்க. அப்ப..."

"அப்ப?"

"அப்ப எப்படி இருக்கோ, அதைத்தான் எழுதுவாங்க."

கொத்தனார் வாசல்வரை போய்விட்டார். பாஸ்டர் கூப்பிட்டார். "நாளைக்குக் கல்வெட்டு பதிக்கணும். கோபத்துல வராம இருந்துடாதீங்க. உங்க கைக்குத்தான் அது நேரா நிக்கும்."

மறுநாள் போனார். 'வறிய பிள்ளைகளின் கல்விக்காக' என்று செதுக்கிய கல்லைப் பதித்தார். ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. சனியன், இன்றைக்காவது கொஞ்சம் விலகியிருக்கலாம் என்று தோன்றியது.

சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். மனைவி பானையையும் பெட்டியையும் வாசலில் எடுத்து வைத்தாள்.

"என் வாய்தாங்க எல்லாத்துக்கும் காரணம்."

"விடு. தள்ளி நில்லு."

முதல் அடிக்குச் சம்மட்டி துள்ளித் திரும்பியது. தரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான்.

"மூலையில ஆரம்பிங்க. அங்க கொஞ்சம் இளசா இருக்கும்."

"நான் போட்டதுடி. மூலையும் இளசா இருக்காது."

ஐந்தாவது அடியில் கீறல் விட்டது. வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்து மகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப யாருப்பா வர்றாங்க?"

"அதே பெரியவங்கதாம்மா" என்று சொல்லிவிட்டு, கொத்தனார் மறுபடியும் ஓங்கினார்.