பின்கதவு இல்லாத கண்டெய்னர்

இலங்காமணியின் கண்டெய்னருக்கு எட்டுக் கதவுகள். எட்டும் தலைவாசல். பின்கதவு என்று ஒன்று கிடையாது.

அவனேதான் வெட்டினான். உப்பளம் முடிகிற இடத்தில், பழைய கப்பல் கண்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கும் யார்டில், இரும்புத் தகட்டை அறுத்துக் கதவு வைத்துக் கொடுப்பது அவன் தொழில். சொந்தக் கண்டெய்னரில் ஒரு மூலையைப் பட்டறைக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பலகையால் தடுத்து வாடகைக்கு விட்டான். குடிவந்தவர்கள் ஒருவரும் பின்கதவுக்குச் சம்மதிக்கவில்லை.

"பின்வாசல் வழியா வாரதுக்கு நான் என்ன கருவேப்பில விக்க வந்தவனா?" என்றார் தராசு பழுது பார்க்கும் ஞானதிரவியம் அண்ணாச்சி.

"எனக்கும் தலைவாசல்தான் தம்பி. மஞ்சக் குங்குமம் வைக்கணும்லா" என்றாள் கருவாடு கட்டி வைக்கும் ஆவுடைத்தங்கம் அக்கா.

சரக்கு இறக்க ஒன்று, ஆள் நுழைய ஒன்று என்று ஆளுக்கு இரண்டு கேட்டார்கள். நாலு பக்கமும் நிலை வைத்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டினான். ஆறு கதவுகளை அவன் வெட்டினான். மற்ற இரண்டும் மழைக்காலத்தில் தாமாக வந்தன. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. உப்புக் காற்றில் இரும்பு அப்படித்தான்.

தப்பு பிறகுதான் தெரிந்தது.

மற்ற வீடுகளில், கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து 'எங்கே போகிறாய்' என்று யாராவது கேட்டுவிட்டால், அவன் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தவன் பின்கதவு வழியாக நைசாக நழுவிவிடுவான். இங்கே நழுவ வழியில்லை. எந்தக் கதவு வழியாகப் போனாலும் மீதி ஏழும் முதுகுக்குப் பின்னால் திறந்திருந்தன.

திரும்பாமல் போனவர் ஒருவர் உண்டு. பழைய டயர் வியாபாரி பிச்சைக்கனி. கேள்வியைக் காதில் வாங்காமல் விறுவிறுவென்று நடந்தார். போய்ச் சேர்ந்தது முதுகு மட்டும்தான். முன்பக்கம் வரவேயில்லை. இப்போதும் கடையில் முதுகாகவே உட்கார்ந்திருக்கிறார். வியாபாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் கல்யாணம் பேசப் போகிறவனுக்கு அது சரிப்படாது.

இலங்காமணி அன்று கல்யாணம் பேசத்தான் கிளம்பினான்.

யார்டின் எதிர்ப்பக்கம் ஜெயக்கொடியின் கண்டெய்னர். சின்னது. அதில் அவள் தார்ப்பாய் தைக்கிறாள். சரக்குக்கு ஒரு கதவு, அவளுக்கு ஒரு கதவு. இரண்டும் இலங்காமணி வெட்டியவை. கீல் உரசுகிறது என்று அடிக்கடி சொல்லி அனுப்புவாள். அவன் போய் எண்ணெய் விடுவான். இருவரும் கீலைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்பார்கள். கீலில் ஒரு குறையும் இருக்காது. வருஷக்கணக்காக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

முந்தின நாள் அவள் சொன்னாள்:

"நாளைக்கு இந்தக் கண்டெய்னரக் கப்பல்ல ஏத்துறாங்க, மேஸ்திரி."

"எந்த ஊருக்கு?"

"ஊருக்கு இன்னும் பேரு வைக்கலியாம். ஆனா தார்ப்பாய் இல்லாம ரொம்பக் கஷ்டப்படுதாங்களாம்."

"நீங்களுமா போறீங்க?"

"பின்ன, தையல் மிஷின் தனியாவா போகும்?"

இருவரும் கீலைப் பார்த்தார்கள்.

"எங்கிட்டக் கேக்க வேண்டியது ஏதாச்சும் இருந்தா, கொக்கி மாட்டுறதுக்குள்ள வந்து கேட்டுருங்க" என்றாள். "மாட்டிட்டா அவங்க பாட்டுக்குத் தூக்கிருவாங்க."

கொக்கி அன்று காலையிலிருந்தே கிரேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கிரேன் ஓட்டும் அல்போன்ஸுக்குப் பல்வலி. ஆகவே மெதுவாக இறக்கினான்.

இலங்காமணி இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக் கதவு வழியாக வெளியே வந்தான். வெயில் நல்லபடியாக இருந்தது. ஜெயக்கொடியின் கண்டெய்னர் நீலமாகத் தெரிந்தது.

"ஏல இலங்காமணி, எங்கல கெளம்பிட்ட, மாப்பிள்ள கணக்கா?"

கேள்வி பிடரியில் வந்து உட்கார்ந்தது. திரும்பினான். அண்ணாச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கேக்கக் கூடாதுன்னு தெரியும்டே. வாய் கேட்டுட்டு."

இலங்காமணி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான். போன கதவு வழியாக மறுபடி போகக் கூடாது. எனவே அக்காவின் கதவு வழியாகப் போனான்.

"தம்பி, எங்க போற? போற வழியில உப்புக்காரன வரச் சொல்லிட்டுப் போ" என்றாள் ஆவுடைத்தங்கம் அக்கா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பினான். உட்கார்ந்தான். குடித்தான்.

இப்படியே விட்டால் ஆகாது என்று இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"ஜெயக்கொடியப் பாக்கப் போறேன். கட்டிக்கிடுதியான்னு கேக்கப் போறேன். இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா? இனி யாரும் கேக்கப்படாது."

"நாங்க ஏன் கேக்கப் போறோம்? நல்ல காரியம்லா" என்றார் அண்ணாச்சி.

"இத்தன வருசமா கீலுக்கு எண்ண விட்டியே, இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்று அக்கா திருநீறு பூசி விட்டாள்.

மூன்றாவது கதவு வழியாக இறங்கினான். கொஞ்ச தூரம் நிம்மதியாக நடந்தான்.

"ஜெயக்கொடியப் பாக்கத்தானல போற?" என்று அண்ணாச்சி பாசமாகக் கத்தினார்.

இலங்காமணி நின்றான். இது கணக்கில் சேருமா சேராதா என்று மூவரும் யோசித்தார்கள். அக்காதான் தீர்ப்புச் சொன்னாள்.

"தெரிஞ்சு கேட்டாலும் கேள்வி கேள்விதான். வா, வந்து உக்காரு."

அவன் திரும்பி வரும்போதெல்லாம் கண்டெய்னர் கொஞ்சம் நீண்டது. முதலில் கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி இப்போது பார்வைக்கே எட்டவில்லை. தடுப்புப் பலகைகளுக்கு நடுவே ஒரு சந்து விழுந்திருந்தது. சந்தில் ஒரு டீக்கடை. கடைக்காரரிடம் நாற்காலிக்கு வழி கேட்டான்.

"நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றார் அவர். "ஒரு டீ போடட்டுமா?"

"தண்ணிதான் குடிக்கணும்."

"அப்ப நம்ம கடைக்குச் சரிப்படாது" என்று அவர் வருத்தமில்லாமல் சொன்னார்.

உட்கார்ந்தான். குடித்தான். வயிற்றில் அலை அடிக்கிற சத்தம் கேட்டது. வெளியே எட்டிப் பார்த்தான். கொக்கி விளக்குக் கம்பத்தின் உயரத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த முறை அண்ணாச்சியும் அக்காவும் தாங்களாகவே வாய் நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார்கள். கன்னங்கள் உப்ப, தலையை ஆட்டி அவனை வழியனுப்பினார்கள். அவன் காலணியின் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தான். யார்டே அமைதியாக இருந்தது. இந்த அமைதி எப்போதும் இருந்திருக்கிறது, நாம்தான் அதன் மேல் பேசிக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது.

"எங்கே செல்கிறாய்?" என்றது ஒரு குரல்.

மழைக்காலத்தில் தானாக வந்த கதவு. அதை யாரும் வளர்க்கவில்லை. அதற்குப் பேச்சுத் தமிழ் இன்னும் வராது.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்து, வாயிலிருந்த தண்ணீர் தராசுகளின் மேல் கொட்டியது. எல்லாத் தராசும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

தானாக வந்த இன்னொரு கதவு அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. அவன் நிலையைத் தாண்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டது. அதன் பிறகு கதவுகளுக்குள் போட்டியாகிவிட்டது. அவன் போனான், வந்தான், குடித்தான். சட்டைப் பித்தான் ஒன்று வயிற்றின் பாரம் தாங்காமல் தெறித்து டீக்கடைப் பக்கம் போனது. தேட நேரமில்லை. கொக்கி இப்போது ஜெயக்கொடியின் கண்டெய்னர் மேல் நிழல் போட்டுக்கொண்டிருந்தது.

மிச்சம் ஒரு கதவு.

இலங்காமணி நாற்காலியில் உட்கார்ந்தான். அண்ணாச்சி தராசுகளைத் துடைத்தார். அவர்களுக்கும் அவன் போக வேண்டும் என்றுதான் ஆசை. போகிறவனைப் பார்த்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆவுடைத்தங்கம் அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"பின்னாலருந்து கேட்டாத்தான தோசம்? நீ எங்களப் பாத்துக்கிட்டே பின்னுக்கு நட. அப்ப நாங்க உனக்கு முன்னால."

"ஆத்தாடி, வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ!" என்றார் அண்ணாச்சி.

இலங்காமணி கடைசிக் கதவு வழியாக முதுகை முதலில் வெளியே விட்டான். பிறகு மற்றதெல்லாம் வந்தது. மெல்லப் பின்னுக்கு நடந்தான்.

"எங்கல போற?" என்று அண்ணாச்சி சோதித்துப் பார்த்தார்.

"ஜெயக்கொடியப் பாக்க" என்றான் முகத்துக்கு நேராக.

ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். கதவுகளும் சேர்ந்து கேட்க ஆரம்பித்தன. சாப்பிட்டாயா, எப்போது வருவாய், பித்தான் என்ன ஆயிற்று, அவள் மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வாய்? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனான். கடைசிக் கேள்விக்கு மட்டும் நடையை எட்டிப் போட்டான். கண்டெய்னர் சிறியதாகிக்கொண்டே வந்தது. நாலு பக்கமும் இருந்த எட்டுக் கதவுகளும் ஒரே பக்கத்தில் தெரிந்தன.

போகிற திசை அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அது ஒரு சிரமமாக இல்லை. வருஷக்கணக்காக அந்தத் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. கொக்கி மாட்டியாயிற்று.

"ஏங்க, எங்க போறீங்க?"

இந்தக் கேள்வி முதுகில்தான் விழுந்தது. ஜெயக்கொடியின் குரல். அவனை அவள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவாள். 'ஏங்க' என்று அந்தக் குரலில் அவன் கேட்டதே இல்லை.

தூரத்தில் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சு! வாடே, திரும்பி வந்து உக்காரு. நாற்காலியத் தொடச்சு வைக்கேன்."

அக்கா செம்பைத் தூக்கிக் காட்டினாள்.

வழக்கம் வழக்கம்தான். இலங்காமணி அவர்களை நோக்கி ஒரு எட்டு வைத்தான். பிறகு நின்று யோசித்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் கூப்பிட்டவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இத்தனை நாளும் கூப்பிட்டவர்கள் அவன் வீட்டிலேயே இருந்தார்கள். அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இன்று கூப்பிட்டது வேறு வீடு.

திரும்பி நேராக நடந்தான்.

ஜெயக்கொடி தன் கதவில் நின்றுகொண்டிருந்தாள். கண்டெய்னரின் நாலு மூலையிலும் சங்கிலி விறைத்திருந்தது. அவன் உள்ளே ஏறி, சுருட்டி வைத்த தார்ப்பாயின் மேல் உட்கார்ந்தான். அவள் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உங்க முதுகு மட்டும் இங்கிட்டு வந்துச்சு. முகம் அங்கிட்டுப் பாத்துச்சு" என்றாள். "வாரீங்களா போறீங்களான்னு வெளங்கல. அதான் கேட்டுட்டேன். குடிங்க."

"எடமில்ல."

"ஒரு டம்ளருக்கா?"

குடித்தான். அந்தத் தண்ணீருக்கு மட்டும் உள்ளே தனியாக ஓர் இடம் இருந்தது.

கிரேன் ஒரு முறை இருமியது. தரை லேசாக ஆடியது.

"ஜெயக்கொடி" என்றான். "என்னக் கட்டிக்கிடுதீங்களா?"

கேட்டு முடிக்கும்போது கண்டெய்னர் தரையை விட்டுவிட்டது. தையல் மிஷின் ஓரடி நகர்ந்து சுவரோடு சாய்ந்துகொண்டது. அவள் வழக்கம்போலக் கீலைப் பார்த்தாள். இந்த முறை சீக்கிரமே அதிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

"ஏங்கன்னு தொண்ட கிழியக் கூப்பிட்டிருக்கேன்" என்றாள். "இதுக்கு மேல என்னத்தச் சொல்லணும்?"

அவன் அந்த 'ஏங்க'வை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். கண்டெய்னர் ஏறிக்கொண்டே போனது. காற்று இரண்டு கதவு வழியாகவும் வந்து தார்ப்பாய்களைத் தட்டியது.

கீழே பெரிய கூச்சல். இருவரும் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் வழுக்கைத் தலையும் அக்காவின் செம்பும் பளபளத்தன. எட்டுக் கதவுகளும் ஒன்று போலத் திறந்து மூடின.

"ஏல! ரெண்டு பேரும் எங்கல போறீய?"

இலங்காமணி வழக்கப்படி சட்டென்று கதவை விட்டு நகர்ந்தான். உட்காருவதற்கு இடம் தேடினான். ஜெயக்கொடி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவங்க பின்னாலயா இருக்காங்க?"

அவன் குனிந்து நன்றாகப் பார்த்தான். பின்னால் இல்லை. முன்னாலும் இல்லை. கீழே இருந்தார்கள். கீழேயிருந்து கேட்டால் என்ன செய்வது என்று வழக்கத்தில் ஒன்றும் இல்லை.

அவள் வாயருகே கையைக் குவித்தாள்.

"தெரியல அண்ணாச்சி! ஊருக்குப் பேரு வச்சதும் சொல்லுதோம்!"