அம்மாவை எழுப்பப் போனவன்

மருதாளைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியும் அவள் மகன் சிவராஜ் படுக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து, கண்ணை விரித்தபடி உட்கார்ந்திருந்தான். வயது முப்பத்திரண்டு, பிறந்ததிலிருந்தே குழந்தை புத்தி. சாவு வீட்டில் யாரோ அவனிடம், அம்மா தூங்குகிறாள், சத்தம் போடாதே என்று சொல்லியிருந்தார்கள். அவன் அக்கா கவிப்பிரியாவும் அதைத் திருத்தவில்லை. அழ ஆரம்பித்தால் யார் சமாளிப்பது என்று விட்டுவிட்டாள்.

தூங்கினால் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளுவார்கள் என்று அவன் கண்ணால் பார்த்துவிட்டான். அக்கா கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் தோளைப் பிடித்து உலுக்கினான். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்திருந்த அவள் புருஷன் மூக்கையாவின் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான்.

பத்தாம் நாள் மதியம் கவிப்பிரியா தையல் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்தாள். மூக்கையா உள்ளறையைத் தாழிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். சிவராஜ் இல்லை. மூலையிலிருந்த மண்வெட்டியும் இல்லை. இடுகாட்டுக்கு ஓடினாள்.

முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

“அம்மாவ எழுப்பறேன்க்கா. பசிக்குமில்ல.”

அவள் மண்வெட்டியைப் பிடுங்கவில்லை. குழிக்குள் இறங்கி, அவன் கையைத் தன் மூக்கருகே வைத்தாள்.

“காத்து வருதா கண்ணு? அம்மாவுக்கு இது நின்னு போச்சு. அம்மா தூங்கலே, செத்துப் போயிட்டாங்க. பசிக்காது, வலிக்காது. இனி எந்திரிக்கவே மாட்டாங்க. தூங்கறாங்கன்னு சொன்னது பொய்யி.”

“நான் கூப்பிட்டாலுமா?”

“நீ கூப்பிட்டாலும்.”

வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றான். அழவில்லை. பிறகு குனிந்து மண்ணைத் திரும்பத் தள்ள ஆரம்பித்தான். அவளும் தள்ளினாள்.

அன்றைக்கே படுத்துத் தூங்கினான். ஆனால் அதோடு தீரவில்லை. தினமும் விடிந்ததும், யார் யார் சாவார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டான். எதிர்வீட்டுப் பெரியாத்தாள், மூக்கையா, தெருநாய். எல்லோருந்தான் என்றாள். ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றான்.

“நீயும் சாவியாக்கா?”

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஆமா கண்ணு. எப்பன்னு தெரியாது.”

“அப்ப எனக்கு யாரு சோறு போடுவா?”

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. தெரியவில்லை என்றே சொன்னாள். அவன் வாசலை விட்டு நகரவில்லை.