அக்குளில் ஒரு டப்பா

...அக்குளிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள் நர்ஸ், உடம்புச் சூடு ஆறக் கூடாதாம், ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிட வேண்டுமாம், அதனால்தான் இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் கம்பியைப் பிடித்தபடி, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு பஸ்ஸில் நிற்கிறேன், பார்க்கிறவர்கள் தோளில் சுளுக்கு என்று நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும்... குளியலறையை விட்டு வெளியே வந்தது எட்டு ஐந்துக்கு, இப்போது எட்டு இருபத்தெட்டு, பஸ்ஸானால் சிக்னலில் நகர்வேனா என்கிறது. குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்றுகொண்டிருந்தபோது அவள் கதவைத் தட்டினாள், "என்னங்க, நேரமாகுது, சின்னவனுக்குப் பல்லு தேய்க்கணும்." அட கடவுளே, இங்கே ஒருத்தன் படுகிற பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது, கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இன்னும் திருட்டுத்தனமாகக் குழாய்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறேன்.

சின்னவன் பிறந்த அன்று அவளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை, கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்கள், எதற்கென்று படிக்காமலே போட்டேன்... பிழைத்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம்தான் படுக்கிறாள், என் விரல் பட்டாலே உடம்பு விறைத்துப்போகிறது, நாலு வருஷம்! கோபித்துக்கொண்டு ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஆசை இல்லாம இல்லீங்க, பயமா இருக்கு" என்றாள், இன்னொன்று தங்கிவிடுமோ என்கிற பயம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை நானே பண்ணிக்கொள்கிறேன் என்றேன். அம்மாதான் குதித்தாள், "அவளுக்குப் பண்ணிவிட்டாப் போச்சு, உனக்கு எதுக்குடா கத்தி?" ஏன், அவளைக் கிழித்துத் தைத்தது போதாதா? தராசு பழுது பார்க்கும் எங்கள் பட்டறையில் பெரியமீசை ஒரே சிரிப்பு, "இனிமே இருபது கிலோ கல்லைத் தூக்குவியா நீ?" என்றான், டாக்டர் சொன்ன பத்து நாள் கழிந்ததும் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். டாக்டருக்கு எல்லாம் இருபது நிமிஷ வேலை, "உடனே கணக்குல எடுத்துக்காதீங்க, பழசு உள்ள மிச்சம் இருக்கும், மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணி விந்தணு பூஜ்யம்னு வரணும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சீட்டு வரட்டும்" என்றாள்.

பூஜ்யம் எனக்குப் பழக்கமானதுதான், நாள் பூராவும் காலித் தட்டைப் பார்த்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறவன் நான்... டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார், என் வலது கை கம்பியை விட்டுவிட்டுச் சட்டையைப் பொத்திக்கொண்டது, விழுந்திருப்பேன், முன்னால் நின்றவர் தாங்கிக்கொண்டார். பெரியவளை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்த அன்றும் இப்படித்தான், ஒவ்வொரு பள்ளத்துக்கும் பொத்திப் பொத்தி... அது சரி, இப்போது யாரைப் பொத்துகிறேன்? உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்றுதானே இந்தப் பாடெல்லாம், பிறகு எதற்கு இந்தச் சூடு, யாருக்குக் குளிரும் என்று? ஜன்னல் கண்ணாடி மூச்சுக்காற்றில் மங்கிப்போயிருக்கிறது, கடைகள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல மெல்ல மெல்லப் பின்னால் போகின்றன, அவள் மூக்கும் என் காதுமாக ஒரு முகம் அந்த மங்கலில் வந்து, தூக்கக் கலக்கத்தில் அப்பா தண்ணி என்று கேட்டு... சீ, என்ன பைத்தியக்காரத்தனம், எட்டு நாற்பது, இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

லேபில் டப்பாவை வாங்கிய பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டு ஒட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமோ என்னவோ, சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டே இருந்தது, கண் செருகியது, யாரோ கூப்பிட்டார்கள். "ஒண்ணுமே இல்ல சார், சுத்தமா பூஜ்யம். நிம்மதியாப் போங்க." மாடிப்படியில் நின்று அவளுக்குப் போன் போட்டேன், சொன்னதும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு சின்னக் குரலில், "பசங்களை இன்னிக்கு அந்த ரூம்ல படுக்க வெச்சிடறேன்." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, நாலு வருஷம் காத்திருந்த வார்த்தை அல்லவா, படியில் யாரும் இல்லாததால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "என்னங்க, இருக்கீங்களா?" இருக்கேம்மா, இருக்கேன், வந்துடறேன்... இறங்கினேன், கைப்பிடி இடது பக்கம் இருந்தது, பிடிக்கப் போனால் கை வரவில்லை, அப்போதுதான் பார்த்தேன், இன்னும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, பனியனில் அந்த இடம் இன்னும் வெதுவெதுவென்று... எடையை எடுத்த பிறகும் முள் இறங்காத தராசு வந்தால் கழற்றி ஸ்பிரிங்கை மாற்றிவிடுவேன், இதற்கு எதைக் கழற்றுவது? கையை எடுத்துவிடலாம்தான்... பஸ் வரும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.