நாமும் நாங்களும்

தையற்கடையில் அவளுக்குக் 'குண்டூசி' என்று பெயர் வைத்தவன் அவன்தான். பதிலுக்கு அவனை 'நெட்டை' ஆக்கிப் பழிதீர்த்துக்கொண்டாள் அவள். அவன் சட்டை தைப்பான், அவள் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள். இருவருக்கும் நடுவே ஒரு மேசை.

அவளுக்குப் பல்வலி என்றாலும் அவனுக்குத்தான் முதல் சேதி.

"நம்ம பல்லு இப்ப எப்படி இருக்கு?"

"பல்லு என்னோடதுடா."

"வலி நம்மளோடதுதானே!"

அந்தச் சிநேகம் எப்போது காதலானது என்று கேட்டால் இருவரும் முழிப்பார்கள். மழைக்காலத்தில் எப்போதோ ஆகிவிட்டது. மழை விட்டபின் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. சோதித்துப் பார்த்தாள். இரண்டு கோடு.

அவனிடம்தான் முதலில் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. ஆனாலும், "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன். அப்பாகிட்ட நானே பேசறேன்" என்றான். அதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் வருகிறார் என்று அம்மாவிடமும் சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம், முதலாளி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவன் மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தான்.

"குண்டூசி, நாங்க யோசிச்சுப் பார்த்தோம்."

அவள் கையிலிருந்த ஊசி பாதித் துணியில் நின்றது. நாம என்றால் கேட்கிறவளும் உள்ளே. நாங்க என்றால் அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியாயிற்று.

"நாங்கன்னா யாரு?"

"நானும் அக்காவும். என்னை வளர்த்தவ, அவகிட்ட மறைக்க முடியல."

"சரி, என்ன யோசிச்சீங்க?"

"இது இப்ப வேணாம்னு. அக்காவுக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க. அப்புறம்..." துணிநாடாவை விரலில் சுற்றினான். "எனக்கு ஒரு இடத்துல பொண்ணு பேசியிருக்காங்க."

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடியே. சும்மா பேச்சுதான்."

"ஓகோ, வாய் ஓயாம பேசினியே, அந்தப் பேச்சு மட்டும் எங்கிட்ட வரலையே!"

"கோவப்படாத. நம்ம சிநேகம் எங்கயும் போகாது. நாம பழையபடியே இருப்போம்."

கைகழுவுவதற்குத்தான் அவனுக்கு 'நாம' நினைவுக்கு வந்தது.

காதலன் மட்டும் ஏமாற்றியிருந்தால் அவள் பிழைத்துக்கொண்டிருப்பாள். 'ஒருத்தன் என்னை நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான்டா' என்று ஓடிப்போய்ச் சொல்ல ஒரு நண்பன் இருந்திருப்பான். அந்த நண்பனும் இவனே. நெஞ்சிலிருந்த பாரத்தை இறக்கிவைக்க ஆளில்லை.

"டாக்டரம்மாகிட்ட உங்க அக்காவையே போகச் சொல்லு. என் வயித்துக்கு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"வீட்ல என்ன சொல்லப்போற?"

"நடந்ததை."

அவன் குரல் இறங்கியது. "என் பேரையும் சொல்லுவியா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு நேரத்தில் அவன் பயந்து கேட்டது அது ஒன்றைத்தான். போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள்.

"அம்மா, அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டாரும்மா. நாளைக்கு யாரோ வராங்கன்னியே, எத்தனை பேருக்குச் சமைக்கட்டும்?"

"யாரும் வரல. நான் இப்பவே கிளம்பி வரேன். ரெண்டு பேரும் வீட்லயே இருங்க, பேசணும்."