மூன்று பிள்ளைகளின் தாய் எழுதிய மதிப்புரை

1

இந்தக் கதை என் மனைவியின் கீழ்க் கடைவாயில் பிறந்தது. உண்மையில் அதற்கும் முன்பே, இரண்டு வருடம் முன்பு நான் எழுதிய ஒரு பொய்யில் பிறந்துவிட்டது. அதை எடுத்த எடுப்பிலேயே சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்று வேறு மாதிரித் தொடங்கிப் பார்த்தேன்.

‘வலி என்பது மனித குலத்தின் ஆதி...’ (அடித்துவிட்டேன். பல்வலிக்காரி பார்த்தால் என்னை அடிப்பாள்.)

‘அன்று காலை அவள் கன்னம்...’

2

வீங்கியிருந்தது. ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையிலிருந்த போனில் பல் டாக்டர் தேடினாள்.

“இவர்கிட்டதான் போறேன். இந்தம்மா எழுதினதைக் கேளுங்க: ‘நான் மூன்று பிள்ளைகளின் தாய். பிரசவத்துக்கே பயப்படாதவள் பல்லுக்குப் பயந்தேன். இவர் கை பட்டதும் வலி போன இடம் தெரியவில்லை.’ ஒரு பொம்பளை மனசாரச் சொல்லியிருக்கா.”

அந்தப் பொம்பளை நான்தான்.

கதை சோறு போடாத நாட்களில் ஒரு விளம்பரக் கம்பெனிக்காக, என் போனிலேயே ஒரு பெண் பெயரில் கணக்கு வைத்து, படுக்காத மெத்தைகளையும் பார்க்காத டாக்டர்களையும் புகழ்ந்து தள்ளினேன். வீட்டில் மொழிபெயர்ப்பு வேலை என்று சொல்லியிருந்தேன்.

(அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்கள் வீட்டில் நீங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா?)

3

சொல்லவும் வாய் வரவில்லை. என் புளுகை நம்பி அவள் யாரோ ஒருவர் முன்னால் வாயைத் திறக்க விடவும் மனம் வரவில்லை. அவள் உடை மாற்றப் போன நேரத்தில் கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

“டாக்டரோட பதிவு எண் வேணும்மா.”

“எதுக்கு சார்? அவருக்கு வரன் பாக்குறீங்களா?” என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

ஆனாலும் கொடுத்தாள். பல் மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் தட்டினேன். பெயர், பட்டம், ‘பொதுப் பல் மருத்துவர்’, இந்த வருடம் வரை புதுப்பித்த பதிவு, எல்லாம் இருந்தன. படத்தில் தலை நிறைய முடியும், சிரிப்பில் ஒரு தெற்றுப்பல்லும் இருந்தன.

4

இங்கேதான் எனக்குச் சபலம் தட்டியது. கதைக்குப் போலி டாக்டர்தான் லட்சணம். எண் ஒருவருடையது, ஆள் வேறு என்று ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

கிளினிக்கில் மாஸ்க்கோடு வந்தவருக்குத் தலையில் ஒரு முடி இல்லை.

“டாக்டர், மாஸ்க்கைக் கொஞ்சம் கழட்டுங்களேன்.”

“வழக்கமா நான்தான் வாயைக் காட்டச் சொல்வேன்,” என்று கழற்றினார். படத்தில் இருந்த அதே தெற்றுப்பல். மனைவி என்னை முறைத்தாள்.

அவர் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். “பிடுங்க வேண்டாம்மா. வேர் சிகிச்சை பண்ணினா பல்லைக் காப்பாத்திடலாம்.”

ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்தாள். வலி போன இடம் தெரியவில்லை.*

* என் வாக்கியம்தான். இன்றைக்குத்தான் உண்மையாயிற்று.

5

மரத்துப்போன வாயோடு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கிளினிக்கின் பக்கத்தைத் திறந்து, ஐந்து விரலைக் காட்டினாள். ஐந்து நட்சத்திரமாம். நீங்கதான் எழுத்தாளராச்சே, எழுதுங்க என்று காற்றில் கிறுக்கிக் காட்டினாள். ‘மதிப்புரை எழுதுக’ என்பதையும் அவளே அமுக்கினாள்.

‘நீங்கள் ஏற்கெனவே மதிப்புரை எழுதியுள்ளீர்கள். திருத்த வேண்டுமா?’

அதன் கீழே: ‘நான் மூன்று பிள்ளைகளின் தாய்...’

படித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள். என்னைப் பார்த்தாள்.

முடிவு ஒன்று: சிரிக்கிறாள்.

முடிவு இரண்டு: அதே நாற்காலியில் அடுத்து நான், இரண்டு பல் குறைவாக.

முடிவு மூன்று: இனி நான் என்ன சொன்னாலும் அவள்... (இதை எழுத மாட்டேன்.)

மரப்பு விட இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டர். போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள். வாசகரே, மூன்று பிள்ளைகளின் தாயாகக் கேட்கிறேன், அதற்குள் ஏதாவது சொல்லிக் கொடுங்கள்.